ஒரு மணி நேரம் ஓடி நின்னுபோற இஞ்சின்: ராமேஸ்வரம் விசைப்படகு ஒண்ணுல நடந்தது

பின்னணி

ராமேஸ்வரத்துல விசைப்படகு இஞ்சின் வேலை பாக்குறவன் நான். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு படகு, மீன்புடி தடைக்காலம் முடிஞ்சு முதல் நாளே நடுக்கடல்ல நின்னுச்சு, அதுக்கப்புறம் மூணு வாரம் அது என்னைய படாதபாடு படுத்திருச்சு. அந்த மூணு வாரத்துல என்ன பாத்தோம், என்ன முடிவு எடுத்தோம், எதுல தப்பு பண்ணோம்னு வரிசையா எழுதுறேன். முதலாளிகிட்டயும் ஓட்டுநர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதுறேன், பேர் போடல.

படகு மரப்படகு, 48 அடி, மேல ஃபைபர் பூசுனது. இஞ்சின் லேலண்ட் 6 சிலிண்டர், டர்போ இல்லாத பழைய மாடல், லாரில இருந்து எறக்கி மரைன் கியர் போட்டு மாட்டுனது, படகுல ஏறியே 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. எலக்ட்ரானிக் எதுவும் கிடையாது, சிலிண்டருக்கு டீசலை அளந்து அடிக்கிற வரிசைப் பம்ப் (இதான் மெயின் பம்ப்), அதோட பக்கத்துல டேங்க்ல இருந்து டீசலை உறிஞ்சித் தர்ற ஃபீட் பம்ப், அதுல கையால அடிச்சு டீசல் ஏத்துற பிரைமர், அப்புறம் துணி ஃபில்டர் ஒண்ணு பேப்பர் ஃபில்டர் ஒண்ணு. டேங்க் இரும்புத் தகடு, 500 லிட்டர் சுமாருக்குப் புடிக்கும், இஞ்சின் ரூம்ல இடது பக்கம் ஒட்டி இருக்கு.

கிழக்குக் கடற்கரைல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை. அந்த நேரத்துலதான் எல்லாரும் படகைக் கரையேத்தி பலகை மாத்துறது, ஃபைபர் பூசுறது, பெயிண்ட் அடிக்கிறதுன்னு பாப்பாங்க. இந்தப் படகும் அப்படித்தான், மே மாசம் கரையேறிச்சு. இஞ்சினுக்கு ஆயில் மாத்துனேன், வால்வு கேப் பாத்தேன், ஜாக்கெட் தண்ணி லைன் பாத்தேன், அவ்வளவுதான். டேங்கை நான் தொடவே இல்ல. அதுல 150 லிட்டர் பழைய டீசல் கெடந்துச்சு, அப்படியே கெடக்கட்டும்னு விட்டாச்சு.

முதல் நாள்

தடை முடிஞ்ச முதல் பாடு (மீன்புடிப்பு) எவ்வளவு முக்கியம்னு இந்த ஊர்ல யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல, ரெண்டு மாசம் வருமானம் இல்லாம இருந்து, கடன் வாங்கி படகு வேலை பாத்து, எறால் நல்லாப் படுற நாள் அது. டேங்கை நெப்பிக்கிட்டுப் போனாங்க. கரையில இருந்து கெளம்பி 1 மணி 10 நிமிஷத்துல இஞ்சின் இழுவை கொறஞ்சு, ரெண்டு தடவை இருமுற மாதிரி சத்தம் போட்டு, அப்படியே அடங்கிருச்சு. ஓட்டுநர் அனுபவஸ்தர், 30 வருஷமா கடல்ல இருக்காரு. பிரைமர் அடிச்சு, டீசல் லைன்ல சிக்குன ஏரை எடுத்துப் பாத்துருக்காரு, ஸ்டார்ட் ஆகல, கால் மணி நேரம் கழிச்சு திரும்ப அடிச்சா ஸ்டார்ட் ஆயிருச்சு. மடி (இழுவலை) விட்டு இழுத்தாங்க, 40 நிமிஷத்துல திரும்ப நின்னுச்சு. மூணாவது தடவை 25 நிமிஷம். அதுக்கு மேல மடி விடாம, வேகத்தைக் கொறைச்சு மெதுவா ஓட்டிக் கரைக்கு வந்துட்டாங்க, மெதுவா வரும்போது ஒரு தடவை கூட நிக்கல.

இந்த நேரக் கணக்கு எல்லாம் அன்னிக்கே ஓட்டுநர் எங்கிட்ட சொன்னாரு. நான் காதுல வாங்குனேன், மனசுல வாங்கல.

முதல் முடிவு: ஃபில்டர்

ரெண்டு மாசம் சும்மா கெடந்த படகு, பழைய டீசல், இழுவை கொறஞ்சு நிக்குது. இத கேட்ட உடனே எந்த மெக்கானிக்கும் ஃபில்டர்னுதான் சொல்லுவான். ரெண்டு ஃபில்டரும் மாத்துனேன், ஃபீட் பம்ப் வாயில இருக்குற சல்லடையக் கழட்டிக் கழுவுனேன், டீசல் பைப்பை மாட்டுற பேஞ்சோ போல்டுக்கு எல்லாம் புது காப்பர் வாஷர் போட்டேன், ஏர் எடுத்தேன். பழைய துணி ஃபில்டர்ல கருப்பா கொஞ்சம் பிசுபிசுன்னு இருந்துச்சு. ஆஹா இதான் காரணம்னு எல்லாருக்கும் திருப்தி.

கரையிலயே கயித்துல நிக்கும்போது 20 நிமிஷம் ஸ்லோல ஓட்டிப் பாத்தோம், ஜம்முனு ஓடுச்சு. இங்கதான் முதல் தப்பு. கடல்ல 1 மணி 10 நிமிஷம் லோடுல, அதாவது படகைத் தள்ளிக்கிட்டு, ஓடி நின்ன இஞ்சினை 20 நிமிஷம் லோடு இல்லாம ஓட்டிப் பாத்துட்டு சரியாப்போச்சுன்னு சொன்னது சோதனையே கிடையாது.

ரெண்டாவது தடவை: எல்லைப் பக்கம் இழுத்துட்டுப் போன ராத்திரி

அடுத்த தடவை காசு பத்தாததால டேங்கை நெப்பல, பாதியும் கொஞ்சமும்தான் இருந்துச்சு. இந்த தடவை 3 மணி நேரம் ஒழுங்கா ஓடிருக்கு. எல்லாருக்கும் நம்பிக்கை வந்து மடிய விட்டு இழுத்துக்கிட்டு இருக்கும்போது ராத்திரி 9 மணிக்கு நின்னுருச்சு.

நம்ம கடல்ல இஞ்சின் நிக்கிறது வேற ஊர் கடல்ல நிக்கிற மாதிரி கெடையாது. ஆனி ஆடில கச்சான் காத்து, அதாவது தென்மேக்குல இருந்து அடிக்கும், இஞ்சின் இல்லாத படகு கெழக்காலதான் போகும், கெழக்க 1974ல இலங்கையோட ஒப்பந்தம் போட்டுக் கிழிச்ச எல்லைக்கோடு. தாண்டுனா இஞ்சின் கெட்டுப்போச்சுன்னு சொன்னா கேப்பாங்களா மாட்டாங்களாங்கிறது அன்னிக்கு வர்ற இலங்கை நேவி ஆளப் பொறுத்தது. படகு புடிச்சிட்டா திரும்பக் கெடைக்கிறது பெரும்பாடு, ஆளுக ஜெயில்ல இருக்கணும், வீட்டுல பொம்பளைங்க கலெக்டர் ஆபீசுக்கும் ரோட்டுக்கும் அலையணும். பாக் ஜலசந்தி ஆழம் கம்மி, அந்த எடத்துல 10, 12 மீட்டர்தான், அதனால நங்கூரம் புடிச்சுருச்சு. ஆனா மடி கீழ கெடந்ததால அதை வெட்டாம கையால இழுத்து ஏத்தவே ரெண்டு மணி நேரம் ஆயிருக்கு, இஞ்சின் இல்லாம மடிய இழுத்துச் சுத்துற வின்ச்சும் கெடையாது. பேட்டரியும் செல்ஃப் அடிச்சு அடிச்சே எறங்கிருச்சு. விடியக்காலம் இன்னொரு படகு கயிறு போட்டு இழுத்துட்டு வந்துச்சு.

அந்தப் படகுல போனதுல ரெண்டு பேரு சின்னப் பசங்க, ஒருத்தனுக்கு அதான் முதல் சீசன். கரைக்கு வந்து எறங்கும்போது அவன் அம்மா தண்ணிக்குள்ளயே வந்து நின்னுச்சு. என்னைப் பாத்து ஒண்ணும் சொல்லல, ஆனா அதுக்கப்புறம் எனக்கு இது சாதாரண ஃபில்டர் வேலையா தெரியல.

ரெண்டாவது முடிவு: பம்ப்

முதலாளி ரொம்பக் கோவத்துல இருந்தாரு. "தம்பி, பழைய பம்ப் தம்பி, இதுக்கு மேல தாங்காது, கழட்டி அனுப்பிரு"ன்னாரு. எனக்கும் பாதி மனசு அப்படித்தான் இருந்துச்சு. பிரைமர் அடிக்கும்போது கையில வர்ற எதிர்ப்பு கம்மியா இருந்துச்சு, அதனால ஃபீட் பம்ப் புதுசு மாட்டுனோம், அது நியாயமான முடிவுதான். ஆனா கூடவே மெயின் பம்பையும் கழட்டி பம்ப் கடைக்கு அனுப்பினோம். அவங்க டெஸ்ட் பெஞ்சுல ஏத்திப் பாத்துட்டு ரெண்டு எலிமெண்ட் (உள்ள டீசலை அடிக்கிற பாகம்) லேசா தேய்மானம், மத்தபடி பம்ப் நல்லாருக்கு, சீல் மாத்தி செட் பண்ணித் தர்றோம்னாங்க. 18,500 ரூபா ஆச்சு, ரெண்டு கடல் நாளும் போச்சு.

ஏன் தப்புன்னா, பம்ப் தேய்ஞ்சிருந்தா இஞ்சின் காலைல ஸ்டார்ட் ஆகவே அடம் புடிக்கும், சூடான பின்னாடி ஸ்டார்ட்டிங் மோசமாகும், எப்பவும் இழுவை கம்மியா இருக்கும். ஒரு மணி நேரம் முழு பலத்தோட இழுத்துட்டு, அப்புறம் நின்னு, கால் மணி நேரம் ஓய்வு குடுத்தா திரும்ப முழு பலத்தோட ஓடாது. அந்த கால் மணி நேர ஓய்வுல பம்புக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல, வேற எங்கயோ எதுவோ மெதுவா சரியாயிக்கிட்டு இருந்துருக்கு. அத அன்னிக்கு யோசிச்சிருந்தா அந்தக் காசு மிஞ்சியிருக்கும்.

மூணாவது தடவை: நானும் போனேன்

பம்ப் மாட்டி, டேங்க் நெப்பி, இந்த தடவை நானும் படகுல ஏறுனேன். 1 மணி 5 நிமிஷம். அதே எடம்தான்னு சொல்லலாம், அதே இருமல், அதே மாதிரி அடங்குச்சு. ஓட்டுநர் சுக்கான் பக்கத்துல சாக்பீஸ்ல நேரத்தை எழுதுனாரு, ஏற்கனவே அங்க மத்த நாள் நேரமும் எழுதி வச்சிருந்தாரு. அதப் பாத்துட்டு அவர் சொன்னதுதான் இந்த மொத்தக் கதையிலயும் முக்கியமான பேச்சு. "தம்பி, டேங்க் நெறைய இருந்தா சீக்கிரம் நிக்குது, பாதி டேங்க்ல போனப்ப மூணு மணி நேரம் ஓடுச்சு பாத்தியா, உல்டாவால்ல இருக்கு."

உல்டாதான். டீசல் கம்மியா இருந்தாத்தானே தடுமாறணும்.

எனக்கு அப்பதான் இஞ்சினை விட்டு டேங்க் பக்கம் புத்தி போச்சு. நங்கூரம் போட்டுட்டு கேன் வச்சுப் பாத்தோம். 20 லிட்டர் கேன் ஒண்ண ஃபீட் பம்புக்கு மேல உயரத்துல கட்டி, ஃபீட் பம்ப் வாய்க்கு அதுல இருந்து ஹோஸ் குடுத்தோம், மிஞ்சுற டீசல் டேங்குக்குத் திரும்பிப் போற ரிட்டர்ன் லைனையும் கேனுக்குள்ளயே திருப்பி விட்டோம். ரிட்டர்னை மறந்தா டீசல் டேங்குக்குப் போயிரும், கேன் சீக்கிரமே காலியாகி, இதுலயும் நிக்குதேன்னு குழப்பம்தான் மிஞ்சும். அப்படியே நங்கூரத்தைத் தூக்கி லோடுல ஓட்டுனோம், நடுவுல இன்னொரு கேன் ஊத்தி மொத்தம் 1 மணி 20 நிமிஷம் ஓடுச்சு, சத்தத்துல ஒரு சின்ன மாத்தம் கூட இல்ல. ஆக இஞ்சின், பம்ப், ஃபில்டர் எல்லாம் சுத்தம். கோளாறு டேங்க்ல இருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ள எடத்துலதான். முதல் நாளே பண்ணிருக்க வேண்டிய சோதனை, ஒரு கேனும் ரெண்டு ஹோஸும்தான் செலவு.

திரும்ப டேங்க் லைனை மாட்டி ஓட்டுனோம். 50 நிமிஷத்துல சத்தம் மாறும்போது நான் டேங்க் பக்கத்துல டார்ச் அடிச்சுக்கிட்டு குந்தியிருந்தேன். தகடு உள்வாங்கியிருந்துச்சு, வயிறு ஒட்டுன மாடு மாதிரி நடுவுல குழி. இஞ்சின் நின்ன உடனே சின்னப் பையன்கிட்ட மேல போயி டேங்க் மூடியத் தொறடான்னேன். மூடி வரல, ரெண்டு கையாலயும் புடிச்சுத் திருகுனான், கொஞ்சம் லூசான உடனே உஸ்ஸ்ஸுன்னு காத்து உள்ள இழுக்குற சத்தம், அவன் கையில வச்சிருந்த கழிவுத்துணியோட ஓரம் அப்படியே மூடி இடுக்குல உறிஞ்சிக்கிச்சு, கீழ டேங்க் தகடு டொம்முனு வெளிய வந்துச்சு. "அண்ணே, டேங்க் மூச்சு விடுதுண்ணே"ன்னு கத்துனான். பிரைமர் ஒரு பத்து அடி, ஒரே செல்ஃபுல ஸ்டார்ட்.

மூடியத் தொறந்து துணி கட்டி வச்சுக்கிட்டு அன்னிக்கு ராத்திரி முழுக்க மடி இழுத்தோம். ஒரு தடவை கூட நிக்கல.

என்ன நடந்துருக்கு

டேங்க்ல இருந்து டீசல் வெளிய போகப் போக அந்த எடத்துக்கு காத்து உள்ள வரணும், அதுக்குத்தான் அரை இஞ்சு ஏர் பைப் ஒண்ணு டேங்க்ல இருந்து மேல ஏறி வீல் ஹவுஸ் சுவரு ஓரமா வளைஞ்சு நிக்கும். வாயில பூச்சி போகாம இருக்க கம்பி வலை. கரையேத்துனப்ப பெயிண்ட் அடிச்சவரு சுவரோட சேத்து அதையும் ரெண்டு கோட் அடிச்சிருக்காரு, அழகா நீலக் கலர்ல வலை மொத்தமும் மூடியிருந்துச்சு. அவரைத் தப்பு சொல்ல மாட்டேன், அது என்ன பைப்புன்னு அவருக்கு யாரும் சொல்லல. கத்தி முனையால சொரண்டுனா பெயிண்ட் தோலு மாதிரி உரிஞ்சு வந்துச்சு, நடுவுல ரெண்டு மூணு ஊசி ஓட்டை மட்டும் இருந்துருக்கு.

இப்ப ஓட்டுநர் சொன்ன உல்டா கணக்குக்கு வருவோம். டேங்க் நெறைய இருந்தா மேல காத்துக்கு இருக்குற எடம் ஒரு 25 லிட்டர்னு வைங்க, அதுல 15 லிட்டர் டீசல் செலவானா அதே காத்து 40 லிட்டர் எடத்துக்கு விரியணும், அழுத்தம் மூணுல ஒரு பங்குக்கு மேல கொறையும், ஃபீட் பம்பால அதை எதுத்து உறிஞ்ச முடியாது. டேங்க் பாதி இருந்தா காத்து 250 லிட்டர், அதே 15 லிட்டர் போனா அழுத்தம் நூத்துக்கு 6தான் கொறையும், அதான் மூணு மணி நேரம் தாங்கிருக்கு. நின்ன பின்னாடி கால் மணி நேரத்துல ஊசி ஓட்டை வழியா கொஞ்சம் காத்து உள்ள வந்துருது, அதனால ஸ்டார்ட் ஆகுது. முழுசா நெறையுறதுக்குள்ள கெளம்பிடுறதால அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் நிக்குது, 1 மணி 10 நிமிஷம், 40, 25ன்னு கொறைஞ்சது அதனாலதான். மெதுவா ஓட்டுனா செலவாகுற டீசலுக்கு அந்த ஊசி ஓட்டையே போதும், நிக்காது. கரையில ஸ்லோல ஓட்டிப் பாத்தப்ப நல்லா ஓடுனதும் இதே காரணம்தான். எல்லாத் தடயமும் முதல் நாளே எங்கிட்ட இருந்துச்சு.

ஒரு வாரம் கழிச்சு திரும்ப நின்னுச்சு

ரெண்டு தடவை போய்ட்டு வந்தாங்க, பிரச்சினை இல்ல. மூணாவது தடவை காத்து அதிகம், அலை தூக்கிப் போட்டுருக்கு, கெளம்பி 20 நிமிஷத்துல நின்னுருச்சு. ஓட்டுநர் உடனே மூடியத் தொறந்து பாத்துருக்காரு, உஸ்ஸுன்னு சத்தம் இல்ல. போன்ல எங்கிட்ட சொன்னப்ப எனக்குக் கையெல்லாம் சில்லுனு ஆயிருச்சு, மறுபடியும் அதே ராத்திரியான்னு. கரைக்குப் பக்கத்துலதான் இருந்தாங்க, அதுவரைக்கும் நல்லது.

ஆனா இது வேற வியாதி. முன்னாடி இஞ்சின் இழுவை கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சு அடங்கும். இப்ப ஆர்ப்பிஎம் ஏறி எறங்கி, வெள்ளைப் புகை விட்டு, தடதடன்னு ஆடி நின்னுருக்கு. அலை இல்லாத நாள்ல வரல, அலை இருந்த நாள்ல மட்டும் வருது. டேங்க் அடியில கெடக்குறது கலங்கி மேல வருதுன்னு அர்த்தம். போட்டு மூணு வாரம் கூட ஆகாத துணி ஃபில்டரைக் கழட்டுனேன், கறுப்பா, மீன் செதில் கழுவுன தண்ணி மாதிரி வழவழன்னு, கிண்ணத்துக்கு அடியில தனியா தண்ணி நின்னுச்சு.

இந்த தடவை ஃபில்டர் மட்டும் மாத்தி அனுப்ப மாட்டேன்னுட்டேன். முதலாளி சீசன்ல ரெண்டு நாள் நிறுத்தணுமான்னு தயங்குனாரு, ஓட்டுநர் "டேங்க் தொறக்காம நான் ஏறல"ன்னு சொன்னப்புறம் ஒத்துக்கிட்டாரு. டீசலை பேரலுக்கு எறக்கி ஆள் நுழையுற மூடியத் தொறந்தோம். அடியில தண்ணி மட்டும் 7 லிட்டர். தகட்டுல ரெண்டு விரக்கடை உயரத்துக்கு கறுப்புச் சேறு, உறிஞ்சு குழாய் நுனி அதுக்குள்ளயே முக்கா பாகம் பொதைஞ்சு கெடந்துச்சு. பாதிக்கு மேல காலியா ரெண்டு மாசம் வெயில்ல கெடந்த டேங்க்ல, ராத்திரி குளிருல உள்பக்கத் தகடு வேர்த்து அந்தத் தண்ணி அடியில எறங்கும், டீசலும் தண்ணியும் சேர்ற எடத்துல கிருமி வளந்து இந்தச் சேறு ஆகும். 20 வருஷத்துச் சேறும் அதோட இருந்துருக்கும்.

சேறு அன்னிக்கு வந்தது இல்ல, முதல் நாள்ல இருந்தே குழாய் பாதி அடைச்சுத்தான் இருந்துருக்கு. பாதி டேங்க்ல கூட நின்னதுக்கு அதுவும் சேந்துதான் காரணம்னு நெனைக்கிறேன், ஏர் பைப் மட்டும்னா, அழுத்தம் அவ்வளவு கொஞ்சமா கொறைஞ்சதுக்கு நின்னுருக்காது. ரெண்டு கோளாறு ஒண்ணா இருந்து, ஒண்ணு சரியான உடனே எல்லாம் முடிஞ்சதுன்னு நாங்க விட்டுட்டோம். முதல் ஃபில்டர்ல பிசுபிசுன்னு கறுப்பு இருந்தப்பவே டேங்கைத் தொறந்துருக்கணும்.

செஞ்ச வேலை: டேங்கை சொரண்டிக் கழுவித் தொடச்சோம், உறிஞ்சு குழாயை அடித்தகட்டுல இருந்து ரெண்டு இஞ்சு மேல வர்ற மாதிரி வெட்டுனோம், அடியில தண்ணியத் தொறந்து விட வடிகால் காக் (திருகு வால்வு) ஒண்ணு வச்சோம், டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவுல கண்ணாடிக் கிண்ணம் வச்ச தண்ணி பிரிக்கிற ஃபில்டர் மாட்டுனோம். பேரல்ல இருந்த டீசலை ஒரு நாள் அசையாம வச்சு, மேல் டீசலை மட்டும் துணில வடிகட்டி ஊத்துனோம், அடி 20 லிட்டரை ஊத்தல. எல்லாம் சேத்து 9,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது, பம்புக்குக் குடுத்ததுல பாதி.

அதுக்கப்புறம்

அந்த சீசன் முழுக்க நிக்கல. அடுத்த சீசன்ல ஒரு தடவை நின்னுச்சு, அது இஞ்சினை நிறுத்த இழுக்குற ஸ்டாப் கேபிள் துருப்புடிச்சு பாதி இழுத்தபடி மாட்டிக்கிட்டது, பத்து நிமிஷத்துல கண்டுபுடிச்சாச்சு. ஏன்னா நின்ன உடனே ஓட்டுநர் மூடியத் தொறந்து காத்து சத்தம் கேட்டாரு, இல்ல, கண்ணாடிக் கிண்ணம் பாத்தாரு, சுத்தம், அப்ப டீசல் வருது, வேற எதுவோ நிறுத்துதுன்னு நேரா பம்ப் பக்கம் வந்துட்டாரு.

இப்ப மாத்தி செய்யிறது

நான் இப்ப நின்னுபோற இஞ்சின் எது வந்தாலும் ஸ்பானர் எடுக்குறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேக்குறேன்: கெளம்பி எவ்வளவு நேரத்துல நின்னுச்சு, அப்ப டேங்க்ல எவ்வளவு இருந்துச்சு, எவ்வளவு நேரம் கழிச்சு ஸ்டார்ட் ஆச்சு, அடங்கி நின்னுச்சா ஆடி நின்னுச்சா. பதில் தெரியலன்னா அடுத்த தடவை எழுதிட்டு வாங்கன்னு சொல்லிருவேன். அப்புறம் கடல்லயே மூடியத் தொறந்து ஓட்டிப் பாக்கச் சொல்றேன், மழைத்தண்ணி, கடல்தண்ணி தெறிக்காம துணி போட்டுக்கணும். அதுக்கடுத்தது கேன். இது ரெண்டும் முடியாம பம்பைக் கழட்ட மாட்டேன், முதலாளி கோவப்பட்டாலும் சரி. சரி பண்ணி முடிச்சப்புறம் கரையில ஸ்லோல ஓட்டிப் பாக்குறது இல்ல, எந்த லோடுல எவ்வளவு நேரத்துல நின்னுச்சோ அதுக்கு ரெண்டு மடங்கு நேரம் அதே லோடுல ஓட்டணும், கரைக்குப் பக்கத்துல.

கரையேத்துற படகுக்கு, தடைக்காலம் தொடங்கும்போதே டேங்கைக் காலி பண்ணித் தொடைக்கச் சொல்றேன், இல்லன்னா வாய் வரைக்கும் நெப்பச் சொல்றேன், பாதில விடாதீங்க. நெப்ப எல்லாராலயும் முடியாது, அந்த நேரத்துல கையில காசு இருக்காது, அது எனக்குத் தெரியும், அதனால காலி பண்றதுதான் நடக்குது.

அந்தப் படகுல இப்ப ஏர் பைப் வாய்க்கு மட்டும் செவப்பு பெயிண்ட் வளையம் ஒண்ணு இருக்கு. கரையேத்துன உடனே சின்னப் பையன் அதுல பாலித்தீன் கட்டி, கயித்தோட இன்னொரு முனைய இஞ்சின் ஸ்டார்ட்டிங் சாவில கட்டி வச்சிர்றான். சாவி வேணும்னா மேல போயி பாலித்தீனை அவுத்தாகணும். வடிகால் காக்குல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு கப் டீசல் புடிச்சுப் பாக்குறாங்க, போன வாரம் அடியில கால் கப் தண்ணி நின்னுச்சுன்னு ஓட்டுநர் சொன்னாரு. மூடி வாஷரா, மேல்தகட்டுல ஓட்டையான்னு வர்ற தடைக்காலத்துல பாக்கணும்.